தேதி போன சத்து ஊசி: விஷமா, வெறும் தண்ணியா?

(மூன்றாமாண்டு, கெமிக்கல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். நம் மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆகவே போன செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டில் கிளம்பிய ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். பீரோவில் கிடந்த ஐந்து சின்னக் கண்ணாடி ஆம்பூல்களால் வந்த சண்டை அது.

என் அப்பத்தாவுக்கு எழுபத்து மூன்று வயது. சில வருடங்களுக்கு முன் வயிற்றில் ஆபரேஷன் செய்து இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து டாக்டர் சீட்டுப்படி மாதம் ஒரு பி12 ஊசி. நிறம் நல்ல சிவப்பு என்பதால் வீட்டில் அதற்குப் பெயர் "சிவப்பு ஊசி". தெருக்கோடியில் இருக்கும் நர்ஸ் அக்கா டூட்டி முடிந்து போகிற வழியில் போட்டுவிட்டுப் போவார். இடையில் சில மாதம் அப்பத்தா சென்னையில் அத்தை வீட்டில் இருந்ததால், இங்கே வாங்கி வைத்த டப்பா இரும்பு பீரோவிலேயே கிடந்துவிட்டது. திரும்பி வந்ததும் அதை எடுத்து நீட்டினார்கள். நர்ஸ் அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பத்தா, இது டேட் போயி ஏழு மாசம் ஆச்சு. நான் போட மாட்டேன்."

"கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சது எப்படி ஆத்தா கெடும்? என் ஊறுகாயே ஒரு வருசம் கிடக்குது."

அப்பா உடனே கட்சி சேர்ந்தார். "அதெல்லாம் கம்பெனிக்காரன் யாவாரத்துக்குப் போடுற தேதி." துணைக்கு வந்திருந்த அத்தையோ, "அய்யய்யோ, தேதி போன மருந்து விஷமுல்ல!" என்று டப்பாவைத் தொடக்கூட மறுத்தார். கடைசியில் மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீதான் கெமிக்கல் படிக்கிறியே, சொல்லுடா." வைவா எக்ஸாமில் நிற்பது போல நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை.

லீவு முடிந்து வந்ததும் கெமிஸ்ட்ரி சாரைத் தொந்தரவு செய்தேன், நூலகத்தில் உட்கார்ந்தேன், நர்ஸ் அக்காவிடம் போனில் கேட்டேன். அப்படிச் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம்.

அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம்?

நம் நாட்டில் மருந்து அட்டையில் மாதமும் வருடமும் போட்டிருக்கும். மார்ச் என்றிருந்தால் மார்ச் முதல் தேதி அல்ல, மார்ச் கடைசி நாள் வரை என்று பொருள். நம்மில் பலர் இதையே தப்பாக எடுத்துக்கொள்கிறோம். அந்த நாள் வரை, பிரிக்காமல், அட்டையில் சொன்னபடி வைத்திருந்தால், உள்ளே எழுதியிருக்கும் அளவு மருந்து இருக்கும், தரமும் இருக்கும் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம் அது. அமெரிக்காவில் 1979 முதல் எக்ஸ்பைரி தேதி கட்டாயம். நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் தேதியை அச்சிடச் சொல்கின்றன. தேதி போன சரக்கை லைசென்ஸ் வைத்திருக்கும் கடைக்காரர் விற்கவும் கூடாது, விற்பனைச் சரக்கோடு வைத்திருக்கவும் கூடாது.

கவனியுங்கள், இது கெட்டுப்போகும் நாள் அல்ல, உத்தரவாதம் முடியும் நாள். மறுநாள் காலை மருந்து திடீரென்று விஷமாக மாறிவிடுவதில்லை. அந்த வகையில் அப்பா சொன்னதில் பாதி சரி.

இந்தத் தேதியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு பேட்ச் மருந்தை 40 டிகிரி வெப்பத்தில், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கிறார்கள். வேகமாக முதுமை வர வைக்கும் சோதனை. இன்னொரு பக்கம் சாதாரண வெப்பத்தில் வருடக்கணக்கில் வைத்து அவ்வப்போது எடுத்து அளக்கிறார்கள். பொதுவாக மருந்து அளவு எழுதியதில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் காலம்தான் எல்லை. வைட்டமின்கள் சீக்கிரம் சிதையும் ஜாதி என்பதால் பல தயாரிப்புகளில் முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். கடைக்காரர் கொசுறு போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இது கணக்குப் பார்த்துப் போடும் கொசுறு.

கொஞ்சம் கணக்கு

கைனடிக்ஸ் பாடத்தில் முதல்வகை வினை படித்தோமே, அதை முதன்முதலாக வீட்டு விஷயத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒரு மருந்து 25 டிகிரியில் 24 மாதத்தில் 90 சதவீதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். நல்ல முறையில் தயாரித்த பி12 இதைவிட நிதானமாகவே சிதையும். 0.9-க்கு இயல் மடக்கை எடுத்து 24-ஆல் வகுத்தால் வேக மாறிலி மாதத்துக்கு 0.00439 வருகிறது. தேதி போய் ஏழு மாதம் என்றால் மொத்தம் 31 மாதம். மீதி இருப்பது சுமார் 87 சதவீதம்.

ஆனால் எங்கள் வீட்டு பீரோ 25 டிகிரியிலா இருக்கிறது? மேலே தகரக் கூரை, மேற்கு பார்த்த சுவர். சித்திரை மாதம் பீரோ கதவைத் தொட்டால் கை சுடும். ஏறக்குறைய 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரட்டிக்கும் என்ற அரீனியஸ் கணக்கை இங்கே போடுங்கள். 35 டிகிரி என்றால் மாறிலி 0.00878. அதே 31 மாதத்துக்கு மீதி 76 சதவீதம்தான். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்தச் சூட்டில் 12 மாதத்திலேயே 90-க்கு வந்துவிடுகிறது. அதாவது தேதி போவதற்கு ஒரு வருடம் முன்பே தேதி போய்விட்டது! "குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைக்கவும்" என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அதை மீறினால் பெரிய எழுத்தில் இருக்கும் தேதிக்கு மதிப்பில்லை. நான் இத்தனை நாள் பொடி எழுத்தைப் படித்ததே இல்லை.

பிரிட்ஜில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், கீழ்த்தட்டில். ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைய விட்டால் குப்பியில் விரிசல் விழலாம், கரைந்திருப்பது பிரிந்து நிற்கலாம்.

எல்லா வைட்டமினும் ஒன்றல்ல

"சத்து ஊசி" என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

பி12-ஐ எடுத்துக்கொள்வோம். மேனி வெளுத்து ஆளைக் கொல்லும் ஒருவகை இரத்தசோகைக்கு ஈரலைச் சாப்பிடக் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று 1926-இல் மைனாட், மர்பி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்டார்கள். 1934-இல் விப்பிள் என்பவரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு. ஈரலுக்குள் இருந்த அந்தச் சிவப்புப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தது 1948-இல். இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பி12-க்குச் சொந்தக்காரன் போன்ற போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டிய லெடர்லி ஆய்வுக் குழுவை 1940-களில் நடத்தியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ். பி12 கையில் கிடைத்த அதே 1948-இல் அவர் காலமானார்.

பி12 தனியாக, இலேசான அமிலக் கரைசலில் இருந்தால் சாதுவான பிள்ளை. அதற்கு ஆகாதது வெளிச்சம். ஆம்பூலைப் பழுப்புக் கண்ணாடியில் செய்வதும், அட்டைப் பெட்டியோடு வைக்கச் சொல்வதும் இதனால்தான். சிலர் ஆம்பூலைப் பெட்டியிலிருந்து எடுத்து ஷோகேஸில் அழகாக நிறுத்தி வைப்பார்கள். அது மருந்துக்குச் செய்யும் கெடுதல்.

பி12-ஐ மற்ற பி வைட்டமின்களோடு ஒரே கரைசலில் போட்டால் கதை வேறு. பி1 சிதைந்து வரும் பொருள்கள் பி12-ஐத் தாக்கும். பி2, அதாவது ரைபோபிளேவின், தானும் வெளிச்சத்தில் சிதைந்து, வாங்கிய ஒளியைக் கொண்டு பக்கத்தில் இருப்பவர்களையும் கெடுக்கும். வைட்டமின் சி சேர்ந்தால் இன்னும் மோசம். ஆகவே பி காம்ப்ளெக்ஸ் என்பது ஒரே அறையில் ஒத்துவராத ஆறு பேரைத் தங்க வைத்த ஹாஸ்டல் போன்றது. வார்டன் (பி.எச்., வெப்பம், இருட்டு) சரியாக இருக்கும் வரைதான் அமைதி. அதிலும் பி12-இன் சிவப்பு மற்றவர்களின் நிறமாற்றத்தை மறைத்துவிடும். பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வைட்டமின் சி ஆம்பூலில் கதை கண்ணுக்கே தெரியும். நிறமற்றது மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறமாகும். சிதையும்போது கரியமில வாயுவும் வருவதால் நாள்பட்ட ஆம்பூலுக்குள் அழுத்தம் சேர்ந்திருக்கலாம், உடைக்கும்போது கவனம் தேவை என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எண்ணெயில் கரைத்து வரும் டி ஊசிக்குக் காற்றும் வெளிச்சமும் ஆகாது. அதை இத்தோடு விடுகிறேன்.

விஷம் ஆகுமா?

இப்போது அத்தையின் பயத்துக்கு வருவோம். தேதி போன மருந்து உடம்பைக் கெடுத்த உதாரணம் உண்டா? உண்டு. 1963-இல் அமெரிக்காவில், நாள்பட்டுச் சிதைந்த டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. சிதைந்து உண்டான புதுப்பொருள்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. "தேதி போனா விஷம்" என்ற பேச்சுக்குப் படித்தவர்கள் இன்றுவரை காட்டும் உதாரணம் பெரும்பாலும் இது ஒன்றுதான். அதுவும் ஆன்டிபயாட்டிக், வைட்டமின் அல்ல.

பி12-க்கு முழுப்பெயர் சயனோகோபாலமின். பெயரிலேயே சயனைடு இருக்கிறது! வெளிச்சம் பட்டால் அந்தச் சயனைடு கழன்று வருகிறது என்பதும் உண்மை. பயந்துவிடாதீர்கள், கணக்குப் போடுங்கள். மூலக்கூறு எடை 1355. அதில் சயனைடு பங்கு 26. அதாவது இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒரு ஊசியில் இருப்பது 1000 மைக்ரோகிராம். முழுக்கச் சிதைந்தாலும் வருவது சுமார் 19 மைக்ரோகிராம். ஆளைக் கொல்லும் அளவு இதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. வேடிக்கை என்னவென்றால், சயனைடு கழன்றபின் மிஞ்சுவது ஹைட்ராக்சோகோபாலமின். அதுவும் பி12-தான், அதையும் ஊசியாகப் போடுகிறார்கள். அதுமட்டுமா, தீ விபத்துப் புகையில் சயனைடு ஏறியவர்களுக்கு முறிமருந்தாக அதே பொருளை 5 கிராம் ஏற்றுகிறார்கள். 2006-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்த மருந்து அது. ஆக, விஷம் என்று அத்தை பயந்ததற்கு ரசாயனத்தில் ஆதாரமில்லை.

அப்படியானால் போட்டுக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். இது வாயில் போடும் மாத்திரை அல்ல, ஊசி.

மாத்திரைக்கும் ஊசிக்கும் உள்ள வித்தியாசம்

மாத்திரை வயிற்றுக்குப் போகிறது. அங்கே அமிலம் இருக்கிறது, குடல் சுவர் இருக்கிறது. வேண்டாததை வடிகட்டக் காவலுக்கு ஆள் இருக்கிறது. ஊசி இந்தக் காவலை எல்லாம் தாண்டி நேரே தசைக்குள், சில சமயம் நேரே இரத்தத்துக்குள் போகிறது. ஆகவே மருந்து அளவைவிடக் கிருமியின்மைதான் ஊசியில் முதல் நிபந்தனை.

உருக்கி மூடிய ஆம்பூலில் கண்ணாடி முழுசாக இருக்கும்வரை கிருமி உள்ளே போக வழியில்லை. அப்பத்தா சொன்னது இந்த அளவுக்குச் சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஒன்று கழுத்தில் இருந்தால்? பீரோவைத் திறந்து மூடும்போதெல்லாம் உருண்ட டப்பா அது. இன்னொன்று, கண்ணாடி என்றால் ஒன்றுமே ஆகாது என்று நாம் நினைக்கிறோம். வருடக்கணக்கில் கரைசல் பட்டுக்கொண்டே இருந்தால் கண்ணாடியின் உட்புறத்திலிருந்து மெல்லிய செதில்கள் உரிந்து மிதக்கலாம். சூடும், கரைசலின் பி.எச்.சும் அதைத் துரிதப்படுத்தும். உலகத்தில் பெரிய கம்பெனிகளே இந்தக் காரணத்துக்காகச் சந்தையிலிருந்து ஊசி மருந்தைத் திரும்பப் பெற்றிருக்கின்றன.

ரப்பர் மூடி போட்ட பத்து மில்லி வயல் இன்னும் கவலைக்குரியது. அதில் பலமுறை ஊசி குத்தி எடுப்பார்கள். கிருமி வளராமல் இருக்க பென்சைல் ஆல்கஹால், பீனால் போன்ற காப்புப் பொருள் சேர்த்திருக்கும். காப்புப் பொருளுக்கும் ஆயுள் உண்டு. முதல் முறை குத்தினபின், தயாரிப்பாளர் வேறு கெடு சொல்லாத பட்சத்தில் 28 நாளில் தூக்கிப் போட வேண்டும் என்பது மருத்துவமனைகளின் நடைமுறை. அட்டையில் இன்னும் ஒன்றரை வருடம் தேதி இருந்தாலும் சரி. ஆகவே திறந்த வயலுக்கு இரண்டு எக்ஸ்பைரி! சின்ன வயதில் காய்ச்சலுக்குப் போன ஒரு கிளினிக்கில், மேசை மேல் இருந்த பி காம்ப்ளெக்ஸ் வயலின் ரப்பரில் ஒரு ஊசி எப்போதும் குத்தியே நிற்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து உறிஞ்சிக் கொடுப்பார்கள். அன்றைக்கு அது சௌகரியமாகத் தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. ரப்பரில் குத்தியபடியே நிற்கும் ஊசி, கிருமிக்குத் திறந்து வைத்த வாசல்.

சாரிடம், "நம்ம லேப்லயே ஒரு ஆம்பூலை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டேன். சார் சிரித்தார்.

"ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்ல 361 நானோமீட்டர்ல வச்சா பி12 எவ்வளவுன்னு சுமாராத் தெரியும். சிதைஞ்சதும் பக்கத்துலயே உறிஞ்சும், அதனால அதுவும் ஏமாத்தும். சரி, அளவு தெரிஞ்சாச்சு. கிருமி இல்லைன்னு எப்படிப்பா சொல்லுவ? அதுக்கு ஆம்பூலை உடைக்கணும். உடைச்ச ஆம்பூலை யாருக்குப் போடுவ? உடைக்காத நாலு ஆம்பூலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துப் பானைச் சோற்றைச் சொல்லிவிடலாம். அங்கே எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் வெந்தது. தனித்தனியாக மூடின ஆம்பூல்களில் எந்தக் கழுத்தில் விரிசல் என்பதை இன்னொரு ஆம்பூல் சொல்லாது.

அப்பாவின் கட்சிக்கு ஒரு பலமான சாட்சி

அப்பா பக்கமும் நியாயம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவம் கோடிக்கணக்கில் மருந்து வாங்கிக் குவித்து வைக்கிறது. தேதி போனதும் எல்லாவற்றையும் கொட்ட மனசு வருமா? 1986-இல் அவர்களுடைய மருந்து நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். கிடங்கில் இருக்கும் பேட்ச்களைச் சோதித்து, சரியாக இருந்தால் தேதியை நீட்டிப்பது. 2006-இல் வந்த அறிக்கையின்படி 122 வகை மருந்துகளில் சுமார் 3000 பேட்ச்களைச் சோதித்ததில் 88 சதவீதம் குறைந்தது ஒரு வருடமாவது நீட்டிக்கத் தகுதியாக இருந்தன. நீட்டிப்பு சராசரி 66 மாதம்! அப்பா இதைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே மருந்திலேயே ஒரு பேட்ச் நெடுநாள் நிற்கிறது, இன்னொரு பேட்ச் சீக்கிரம் விழுகிறது. அவர்கள் வைத்திருந்தது வெப்பம் கட்டுப்படுத்திய கிடங்கில், பிரிக்காத பெட்டியில். நீட்டித்த பின்னும் விடாமல் மறுபடி மறுபடி சோதித்தார்கள். 2018-இல் அலர்ஜிக்குப் போடும் எபிபென் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் குறிப்பிட்ட சில பேட்ச்களுக்கு மட்டும் நான்கு மாதம் தேதியை நீட்டினார்கள். தேதியை நீட்டலாம். நீட்டுவது சோதனை முடிவைக் கையில் வைத்திருக்கிறவர்கள் வேலை. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே இருந்த பீரோவுக்கு அந்த யோக்கியதை கிடையாது.

கொஞ்சம் குறைந்தால் என்ன?

இங்கேதான் நான் அதிக நேரம் யோசித்தேன். அப்பத்தாவின் ஊசியில் 1000 மைக்ரோகிராம். உடம்புக்கு ஒரு நாள் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேலே. போட்ட ஊசியில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. ஈரலோ வருடக்கணக்குக்குச் சேமித்து வைக்கும். ஆகவே 1000-க்குப் பதில் 760 போனாலும் அந்த மாதம் அப்பத்தாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நேர்மையாகச் சொன்னால் இதுதான் உண்மை.

ஆனால் மாதாமாதம் அப்படியே போனால்? அப்பத்தாவுக்கு இரைப்பை இல்லை. சாப்பாட்டில் இருக்கும் பி12-ஐப் பிடித்து உள்ளே அனுப்பும் சுரப்பு அங்கேதான் இருந்தது. டாக்டர் சீட்டில் எழுதிய வழி ஊசிதான். ஆபரேஷன் ஆன புதிதில் யாரும் சரியாகச் சொல்லாததால் மூன்று வருடம் ஊசி போடாமல் இருந்தார்கள். சேமிப்பு தீர்ந்ததும் பாதம் மரத்தது, நடை தள்ளாடியது, கால் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தார்கள். வயசாச்சு, அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். நரம்பில் விழுந்த அடி முழுசாகத் திரும்புவதில்லை. இன்றைக்கும் இடது பாதத்தில் உணர்ச்சி கம்மி. அந்த வீட்டில் "கொஞ்சம் குறைஞ்சா என்ன" என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அளவு குறைவது உயிரோடு விளையாடும் இடங்களும் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி ஒரு மில்லிகிராம்தான். அது சரியாக வேலை செய்யாவிட்டால் முதல் சில வாரங்களில் மூளைக்குள் இரத்தம் கசியும் அபாயம். அந்த மருந்தும் வெளிச்சத்துக்கு ஆகாதது. கலங்கியோ எண்ணெய் பிரிந்தோ இருந்தால் தொடக் கூடாது. 1996-97-இல் அமெரிக்காவில் இரத்தக்குழாய் வழியாக மட்டும் உணவு ஏற்றப்படும் நோயாளிகளுக்கான வைட்டமின் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தது. பி1 இல்லாமல் சில வாரத்திலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்குப் போராடியவர்களைப் பற்றி 1997-இல் அரசின் நோய்த்தடுப்பு மையமே எழுதியது. 2003-இல் இஸ்ரேலில் ஒரு சோயாப் பால் மாவில் பி1 இருப்பதாக லேபிள் சொன்னது, டப்பாவில் அநேகமாக இல்லை. கைக்குழந்தைகள் இறந்தன. இது ஊசி இல்லை, தேதிப் பிரச்சினையும் இல்லை. லேபிளில் இருப்பது உள்ளே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேட்டவர்களுக்கு

ஹாஸ்டலில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: "மச்சி, தெரியாம ஏற்கெனவே போட்டாச்சுன்னா?" பதறாதீர்கள். அநேகமாக ஒன்றும் ஆகாது. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். போட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலித்தாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே போக வேண்டும்.

இன்னொருவன்: "தேதி இருக்கு, ஆனா கலர் மாறியிருக்கு?" வேண்டாம். கலங்கல், துகள், படிவு, நிறமாற்றம், கழுத்தில் கசிவு, எது இருந்தாலும் தேதி உங்களைக் காப்பாற்றாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், நர்ஸ்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நல்ல மருந்து என்றும் ஆகாது. கிருமி கலங்கல் காட்டும் அளவுக்கு வளரும் முன்பே உடம்பைக் கெடுக்க முடியும்.

மூன்றாவது ஆள் கேட்டது எனக்குப் பிடித்தது: "எனக்கு எப்பவும் அசதியா இருக்கு, ஒரு சத்து ஊசி போட்டுக்கலாமா?" தம்பி, ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து காலை டிபனை விட்டால் அசதி வராமல் என்ன செய்யும்? வாயால் சாப்பிட்டு ஜீரணிக்கிறவனுக்குச் சத்து போக வேண்டிய வழி மெஸ்தான். எங்கள் மெஸ் சாம்பார் பற்றித் தனிக்கட்டுரை எழுத வேண்டும், அது அடுத்த மலரில்.

சண்டை எப்படி முடிந்தது?

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கணக்கைப் பேப்பரில் போட்டே எடுத்துப் போனேன். அத்தையிடம் விஷமில்லை என்றேன். அப்பாவிடம் ராணுவக் கதையைச் சொல்லி, பீரோவின் சூட்டையும் சொன்னேன். அப்பத்தாவிடம் விரிசல் கதை. "ஊறுகாயில உப்பும் எண்ணெயும் இருக்கு அப்பத்தா, அதுவும் வாயிலதான் போடுற. தசையில குத்திக்க மாட்டேல்ல?" என்றதும் சிரித்துவிட்டார்கள். புது டப்பா எப்போதோ வாங்கியாகிவிட்டது. ஒரு ஆம்பூலின் விலை அப்பா தினம் குடிக்கும் டீக் கணக்கைவிடப் பெரிதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இப்போது டப்பா அட்டைப் பெட்டியோடு, பிரிட்ஜின் நடுத்தட்டில், அப்பத்தாவின் மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாங்கின அன்றே நர்ஸ் அக்கா காலண்டரில் எக்ஸ்பைரி மாதத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்துவிட்டார்.

பழைய ஐந்து ஆம்பூலைக் குப்பைத் தொட்டியில் போட அப்பா போனார். துப்புரவுத் தொழிலாளி கையைக் கிழிக்கும் என்று நர்ஸ் அக்கா தடுத்து வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தேதி போன மருந்துக்கு என்று மஞ்சள் பை இருக்கிறதாம், அதில் போட்டுவிடுவதாகச் சொன்னார். வெறும் அட்டைப் பெட்டியை மட்டும் அப்பத்தா கொடுக்கவில்லை. ஊசியும் நூலும் போட்டு வைக்க அளவாக இருக்கிறதாம்.